ஸபர் (பொறுமை) சரி, கணக்கு எங்கே?

தம்பி: அஸ்ஸலாமு அலைக்கும். கடையை மூடிவிடலாமா என்று யோசிக்கிறேன். விற்பனை பாதியாகிவிட்டது. வங்கிக் கடன் எடுக்கச் சொல்கிறார்கள். வட்டி என்பதால் மனம் ஒப்பவில்லை.

ராத்தா: வஅலைக்கும் ஸலாம். ஸபர் செய் தம்பி, ரிஸ்க் (வாழ்வாதாரம்) அல்லாஹ்வின் கையில்.

மச்சான்: (ஃபார்வேர்டு) இந்தத் துஆவை (பிரார்த்தனையை) பத்துப் பேருக்கு அனுப்புங்கள், மாலைக்குள் பரக்கத் (அருள்வளம்) வரும்.

சாச்சா: அந்த நேரத்தில் பத்து வாடிக்கையாளருக்குப் போன் போடலாம் மாப்பிள்ளை 😄 தம்பி, உனக்கு வர வேண்டிய பாக்கி எவ்வளவு?

தம்பி: எழுதவில்லை சாச்சா. எல்லாரும் பழகியவர்கள். அல்லாஹ் மேல் பாரத்தைப் போட்டுவிட்டேன்.

சாச்சா: ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் (இறைவன் மேல் நம்பிக்கை) வை என்று திர்மிதி தொகுப்பில் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறதே! குர்ஆனிலேயே நீளமான வசனம் 2:282. அது எதைப் பற்றி? கடனைத் தவணையோடு எழுது, சாட்சி வை என்பதைப் பற்றி. பழகியவர்கள் என்றால் எழுத வேண்டாம் என்று அதில் இல்லை.

காக்கா: 2:280-ஐயும் பார். கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. நீ சரக்குக் கடன் வாங்கிய இடத்தில் நேரில் போய் அவகாசம் கேள். போனை எடுக்காமல் இருந்தால்தான் பேர் கெடும்.

ராத்தா: ஸகாத் (கட்டாய தர்மம்) கணக்குப் போட்டாயா?

தம்பி: இந்த நிலைமையில் ஸகாத் வேறா ராத்தா?

ராத்தா: கடமையா இல்லையா என்பதே கணக்குப் போட்டால்தானே தெரியும். இருக்கிற சரக்கை இன்றைய விற்பனை விலைக்குப் போடு, ரொக்கம், வந்துசேரும் பாக்கி எல்லாம் கூட்டு. 85 கிராம் தங்கத்தின் மதிப்பை எட்டினால் 2.5 சதவீதம். உன் கடனைக் கழிப்பதில் மத்ஹபுக்கு மத்ஹபு (மார்க்கச் சட்டப் பிரிவுகளுக்குள்) வித்தியாசம் உண்டு, பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்டுக்கொள். என் தையல் கடையில் எந்தத் துணி வருடக்கணக்கில் தூங்குகிறது என்பதே அப்படி எண்ணும்போதுதான் தெரிந்தது. பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன், ரொக்கம் கைக்கு வந்தது.

சாச்சா: கணக்கு தேறினால் நான் முதல் போடுகிறேன்.

தம்பி: சும்மா வாங்க எனக்கு இஷ்டமில்லை சாச்சா.

காக்கா: நபித்தோழர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) மதீனா வந்தபோது அந்த ஊர்த் தோழர் ஸஅத் (ரலி) பாதிச் சொத்தைத் தருகிறேன் என்றார்கள். அப்துர் ரஹ்மான் அவர்களோ சந்தை எங்கே என்றுதான் கேட்டார்கள். நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்றுத் தொடங்கிய வியாபாரம் அது.

சாச்சா: சும்மா யார் தருகிறார்? முளாரபா. முதல் என்னுடையது, உழைப்பு உன்னுடையது. லாபத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்று முன்னாலேயே பேசி எழுதிவிடுவோம். உன் கவனக்குறைவு இல்லாமல் நஷ்டம் வந்தால் பணம் என்னோடு போகும், உன் உழைப்பு உன்னோடு. அதனால்தான் முதலில் கணக்கு நோட்டைக் கேட்கிறேன்.

தம்பி: இன்ஷா அல்லாஹ், இஷா தொழுகைக்குப் பிறகு பில் கட்டோடு வருகிறேன்.

ராத்தா: பில் இல்லாத பாக்கியையும் இப்போதே உட்கார்ந்து எழுது.