நாலு வயசு பொண்ணோட சிங்கம், யானை பாக்கணும், மலேரியா இல்லாத மலைக்காடு எங்க இருக்கு?

கோரிமேட்டுக்காரன்:
வணக்கம்ங்க. போன மாசம் ஏற்காட்டுல ஒரு எஸ்டேட் ஓரமா காட்டெருமை மேஞ்சத கார்ல இருந்து எங்க பொண்ணு பாத்துட்டா, அன்னியிலருந்து யானை எப்பப்பா, சிங்கம் எப்பப்பானு ஒரே நச்சரிப்பு. ரெண்டு வருசமா தென்னாப்பிரிக்கா போகணும்னு காசு சேத்துட்டு இருக்கோம். ஆனா எல்லாரும் சொல்ற க்ரூகர் பார்க் மலேரியா ஏரியாவாம், குழந்தைகளுக்கும் மாத்திரை இருக்கு, ஆனா வேற எடம் இருந்தா அங்க போங்களேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவளுக்கு சாதாரண காய்ச்சல் மருந்தே உள்ள தங்காது, உடனே வாந்தி தான். கூட்டம் இல்லாத, மலையா இருக்கற எடமா யாராச்சும் சொல்லுங்க, நாங்களே கார் எடுத்து ஓட்டுற மாதிரி.

மூணு_வருசம்_ஜோபர்க்:
மராக்கெலே போங்க, கண்ண மூடிட்டு சொல்வேன். நான் அங்க வேலைல இருந்தப்ப நாலு தடவ போயிருக்கேன். ஜொகன்னஸ்பர்க்ல இருந்து ஒரு 250 கிலோமீட்டர், தபாசிம்பினு ஒரு சின்ன சுரங்க ஊரு, அதத் தாண்டுனா வாட்டர்பெர்க் மலை. 1994ல தேசிய பூங்காவா அறிவிச்சாங்க, ட்ஸ்வானா மொழில மராக்கெலேனா அடைக்கலம்னு அர்த்தம். யானை, சிங்கம், சிறுத்தை, எருமை, ரெண்டு வகை காண்டாமிருகமும் உண்டு, மலேரியா கெடையாது. ஆனா அங்கிருந்து வடக்க லிம்போப்போ ஆத்தங்கரை வரைக்கும் போய்டாதீங்க, அந்தப் பக்கம் மலேரியா உண்டு.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், க்ரூகர் மாதிரி திரும்புன எடமெல்லாம் மிருகம் நிக்காது. புதரும் பாறையுமா இருக்கற மலை, தேடணும், ஒரு நாள் முழுக்க சுத்தியும் சிங்கம் கண்ணுல படாம வந்திருக்கேன். அதனால ரெண்டு ராத்திரி போதாது, மூணு தங்குங்க. கேம்ப்ல வேலி கெடையாதுங்க, குழந்தை கைய விட்டுறாதீங்க, இருட்டுனப்பறம் வெளிய வேணாம். பார்க்காரங்க கூட்டிட்டு போற ஜீப்புல ஆறு வயசுக்குள்ள பொதுவா ஏத்த மாட்டாங்க, அதனால உங்க கார் தான். மண் ரோடு நெறைய, தரையோட ஒட்டுன சின்ன கார் எடுக்காதீங்க. நம்ம ஊரு மாதிரியே எடது பக்கம் தான் ஓட்டுறது, நம்ம லைசென்ஸ் இங்கிலீஷ்ல இருக்கறதால அதுவே செல்லும்.

லேப்_அக்கா:
தம்பி, மலேரியா இல்லைனா பூச்சியே இல்லைனு நெனச்சுக்காதீங்க. அங்க உண்ணிக் காய்ச்சல் உண்டு, புல்லுல நடந்துட்டு வந்தா பாப்பாவுக்கு கால் இடுக்கு, அக்குள், காது பின்னாடி எல்லாம் தடவிப் பாத்துடுங்க, முழு பேண்ட்டும் நீள சாக்ஸும் போட்டு விடுங்க. ஜூன், ஜூலைல போனீங்கன்னா அங்க குளிர்காலம், மழை இல்லாம புல்லு காஞ்சு கெடக்கும், மிருகம் தண்ணிக்கு வரும், பூச்சியும் கம்மி. காலைல குளிரு நடுக்கும், ஸ்வெட்டர் மறக்காதீங்க. பிளைட் எத்தியோப்பியாவுல இருக்கற அடிஸ் அபாபா வழியா போட்டா மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி சர்டிபிகேட் பிரச்சனை வரலாம், துபாய், தோஹா வழியா போயிட்டு வாங்க. விசா எடுக்கும்போது பாப்பா பிறப்பு சர்டிபிகேட்ல அப்பா அம்மா ரெண்டு பேர் பேரும் இருக்கானு பாத்துக்கங்க.

காப்பித்தோட்டம்:
நான் மராக்கெலே போனது சிங்கத்துக்காக இல்ல, செத்த மிருகத்த திங்கற பாறுக்கழுகுக்காக. எங்க தாத்தா சொல்வாரு, மாடு செத்தா மத்தியானத்துக்குள்ள பாறு கூடி வானம் கருத்துடும்னு. நான் ஏற்காட்டுலயே பொறந்து வளந்தவன், ஒரு பாறு கூட பாத்ததில்ல. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக்ங்கற வலி ஊசி செத்த மாட்டு கறி வழியா அதுகளோட கிட்னிய கெடுத்து நாடு பூரா கிட்டத்தட்ட அழிச்சுடுச்சு, 2006ல தடை போட்டும் தமிழ்நாட்டுல இப்ப மாயாறு, முதுமலைப் பக்கம் தான் கொஞ்சம் மிச்சம். அங்க மராக்கெலேல மலை உச்சிப் பாறைல கேப் பாறுக்கழுகு நூத்துக்கணக்கான ஜோடி கூடு கட்டுது. லெனாங்னு ஒரு வியூ பாயிண்ட், கார்லயே மேல போலாம். காலைல எட்டரை மணி இருக்கும், நான் வெளிம்புல நிக்கறேன், கீழ இருந்து ஒண்ணு றெக்க அசைக்காம வெயில் காத்துலயே மெதந்து ஏறி என் கண்ணு மட்டத்துக்கு வந்துச்சு, றெக்கைக்கு நடுவுல காத்து போற சத்தம் உஸ்ஸுனு கேக்குது, தல திருப்பி என்னைய பாத்துச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. தாத்தா பாத்தத நானும் பாத்துட்டேன்ல. பாப்பாவ அவசியம் அங்க கூட்டிட்டு போங்க.

கோரிமேட்டுக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கழுகு கதைய எங்கம்மாகிட்ட படிச்சு காட்டுனேன், அவங்களும் சின்ன வயசுல பாத்திருக்காங்களாம், ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தாங்க. ஜூலைக்கு முடிவு பண்ணிட்டோம். அந்த வியூ பாயிண்ட் ரோடு எப்படிங்க, பயமா இருக்குமா?

மூணு_வருசம்_ஜோபர்க்:
தார் ரோடு தான், ஆனா ஒரு வண்டி அகலம், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், எதுர்க்க வண்டி வந்தா அகலமான எடம் பாத்து ஒதுங்கணும். அடிவாரத்துல இருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி ஓட்டுனவங்களுக்கு பழகுன வேலை தான். காலைல சீக்கிரம் ஏறிடுங்க, எதுர்க்க வண்டி கம்மியா இருக்கும். எறங்கும்போது கியர்லயே எறங்குங்க.