புதுப்பிப்பு: பழைய வாக்காளர் இடாப்புப் பிரதி கிடைத்தது (திருகோணமலை)

மகளின் முதலாம் தரப் பாடசாலை அனுமதிக்கு வதிவிடச் சான்றாகக் காட்ட, முந்தைய வருடங்களின் வாக்காளர் இடாப்புப் பிரதியை எங்கே எடுப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

முதலில் தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டேன். நடப்புப் பதிவு வந்தது, பழையவை வரவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம் என்றார் ஒருவர். அதில் முடிவு சொல்லவே 14 வேலை நாள் அவகாசம் உண்டு, எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. "மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு நேரே போங்கோ" என்று ஒரு அண்ணா எழுதியதுதான் சரிவந்தது. கட்டணம் கட்டி, உறுதிப்படுத்திய பிரதியை வாங்கிவிட்டேன்.

எதிர்பாராத ஒன்று: இடாப்பு பெயர் வரிசையில் இல்லை. கிராம அலுவலர் பிரிவு, வீதி, வீட்டிலக்கம் என்றுதான் போகிறது. நாங்கள் உவர்மலைக்கு வருமுன் உப்புவெளியில் இருந்தோம். பழைய வீட்டிலக்கம் எனக்கு மறந்தே போயிற்று. அங்கே நின்றபடி அம்மாவுக்குப் போன் எடுத்து, பழைய தண்ணீர் பில்லைத் தேடச் சொன்னேன். போகிறவர்கள் அதை முதலே எழுதிக்கொண்டு போங்கோ.

அப்புறம், ஒரு வருடத்து இடாப்பில் என் கணவரின் முதலெழுத்து 'வி'க்குப் பதில் 'பி' என்று கிடக்கிறது. அதற்கு என்ன செய்வதென்று இனித்தான் கேட்கவேண்டும்.