கிண்டிக் காட்டுக்குள் காலையில் நடந்தால் மான் செத்துப்போகுமாம்!

அடையாறு_அஞ்சுமணி:
நேத்து இன்னொரு இழையில ஒரு பெரியவர், "கிண்டிக்குள்ள நடக்கணும்னு கேக்கறவன் மான்கறி கேக்கறவன்"னு எழுதியிருந்தார். ராத்திரி தூக்கமே வரல. அதான் தனி இழை. கிண்டி தேசியப் பூங்காவுக்குள்ள காலை நடைக்கு விடுங்கன்னுதான் கேக்கறேன். ஹைதராபாத்துல கேபிஆர்னு ஒரு பூங்கா இருக்கு. அதுவும் தேசியப் பூங்காதான், 1998-ல அறிவிச்சது. கிண்டியைவிடச் சின்னது. தினம் காலையில டிக்கெட் வாங்கிக்கிட்டு ஜனங்க உள்ள நடக்கறாங்க, மயில் பக்கத்துலயே மேயுது. மும்பை போரிவிலி தேசியப் பூங்காவுல சிறுத்தையே இருக்கு, அங்கயும் காலை நடைக்கு பாஸ் குடுக்கறாங்க. நம்ம ஊர்ல மட்டும் 270 ஹெக்டேரைச் சுவர் வெச்சுப் பூட்டிட்டு, சர்தார் படேல் ரோட்டுல பஸ் புகையைக் குடிச்சுக்கிட்டே நடங்கடான்னு விட்டிருக்காங்க.

கொம்பன்_ஆந்தை:
அந்தப் பெரியவர் நான்தான். பேரைப் போட்டே எழுதியிருக்கலாம், கடிக்க மாட்டேன். கேபிஆர்ல ஜனங்க நடக்கறது வேலிக்கு வெளியே. பூங்காவைச் சுத்தி நடைபாதை. வேலிக்கு வெளியே! இதுகூடத் தெரியாம உதாரணம் காட்ட வந்துட்டீங்க.

அடையாறு_அஞ்சுமணி:
உள்ளே சார். நான் நடந்திருக்கேன்.

கொம்பன்_ஆந்தை:
வெளியே. நானும் போயிருக்கேன்.

மதுரைப்பய:
அண்ணே, ரெண்டு பேரும் ஹைதராபாத் போனீங்களா, பிரியாணி தின்னுட்டுத் திரும்பிட்டீங்களா? 😂

மடிப்பாக்கம்_மல்லி:
கேபிஆர் கிடக்கட்டும். எங்க பக்கம் நன்மங்கலம் காப்புக்காடு இருக்கு. நடுவுல பழைய கல்குவாரி, அந்தப் பாறையில கொம்பன் ஆந்தை. (சாரைச் சொல்லல, நிஜ ஆந்தை.) காட்டோரம் பூரா பீர் பாட்டில், கல்யாண மண்டபத்து இலைக்கட்டு. அங்க ஒழுங்கா ஒரு பாதை, ரெண்டு வாட்ச்மேன் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். அதைப் பத்தி யாராவது பேசலாமே?

கொம்பன்_ஆந்தை:
மல்லி அம்மா, வர்றேன். முதல்ல இந்தப் பொய்யை முடிச்சுக்கறேன்.

கிண்டியில ஏற்கெனவே எவ்வளவு போச்சுன்னு இந்த அஞ்சுமணிக்குத் தெரியுமா? கவர்னர் மாளிகையோட சேர்ந்த ஒரே காடு அது. அதுலருந்து 1959-ல ஐஐடி வந்தது. இன்னிக்கு அந்த வளாகம் மட்டும் சுமார் 250 ஹெக்டேர். காந்தி மண்டபம், ராஜாஜி நினைவிடம், காமராஜர் நினைவிடம் எல்லாம் அந்த மண்ணுலதான் நிக்குது. மிச்சம் இருந்த துண்டைத்தான் 1978-ல தேசியப் பூங்கான்னு அறிவிச்சுக் காப்பாத்தினாங்க. ஒவ்வொரு தடவையும் கேட்டது "கொஞ்சூண்டு"தான். இப்ப நீங்க கொஞ்சூண்டு பாதை கேக்கறீங்க. அடுத்த வருஷம் பாதைக்கு லைட் வரும். அப்புறம் பேவர் பிளாக். அப்புறம் டீக்கடை. அப்புறம் திறந்தவெளி ஜிம், அதுல வார்டு கவுன்சிலர் போட்டோ.

காடுன்னா மரம் மட்டும்னு நினைக்கறீங்க. களா, காரை, சூரைன்னு முள்ளுப்புதர் அடர்ந்து கிடக்கற காடு அது. வெளிமானும் நட்சத்திர ஆமையும் அங்க இருக்கறதே மனுஷக் கால் படாததாலதான். உங்க காலைநடைக் கூட்டத்துக்கு முதல்ல உறுத்தறதே அந்தப் புதர்தான். "சுத்தம் பண்ணலாமே"ன்னு ஆரம்பிப்பீங்க.

அடையாறு_அஞ்சுமணி:
பேவர் பிளாக்னு நான் எங்க எழுதினேன்? மண்பாதை போதும், 8 மணிக்குப் பூட்டிடலாம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 28-ஆம் பிரிவைப் பாருங்க. சுற்றுலாவுக்கு அனுமதி கொடுக்கலாம்னே எழுதியிருக்கு. அதுவும் கேபிஆர்ல உள்ளேதான்.

கொம்பன்_ஆந்தை:
கொடுக்க*லாம்*. கொடுத்தே தீரணும்னு இல்ல. தமிழ்ல ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. கேபிஆர்: வெளியே.

சோழிங்கநல்லூர்_சோமு:
மனுஷன் நடந்தா மான் சாகுமாம். ஐஐடிக்குள்ள ஆயிரக்கணக்குல பசங்க சைக்கிள் ஓட்டறாங்க, மான் ஹாஸ்டல் வாசல்ல படுத்திருக்கு. அந்த மானுக்கு என்ன, ஜேஇஇ பாஸ் பண்ணினா மட்டும் பயம் போயிடுமா?

கொம்பன்_ஆந்தை:
ஐஐடி மான் வயித்துல பிளாஸ்டிக் எடுத்த கதை தெரியுமா? அங்க நாய் கடிச்சுச் செத்த மான் கதை தெரியுமா? ஹாஸ்டல் வாசல்ல படுத்திருந்தா சுகமா இருக்குன்னு அர்த்தமா? சென்ட்ரல் பிளாட்பாரத்துலயும்தான் ஆளுங்க படுத்திருக்காங்க.

சோழிங்கநல்லூர்_சோமு:
அப்ப தப்பு நாய் மேலயும் பிளாஸ்டிக் மேலயும். நடக்கறவன் என்ன பண்ணினான்?

வேம்பு 1965:
நண்பர்களுக்கு வணக்கம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் கிண்டியில் எத்தனை மரங்கள் சாய்ந்தன என்பதை எவரும் குறிப்பிடவில்லை. அந்த இடைவெளிகளில் சீமைக்கருவேலம் புகுந்ததா என்பதே கவலைக்குரியது. அதனை முற்றாக அகற்ற வேண்டும்.

மதுரைப்பய:
ஐயா, கருவேலத்தை ஆரம்பிச்சுட்டீங்களா! 2017-ல எங்க ஐகோர்ட் கிளை வெட்டச் சொன்னதும் ஊர் பூரா ஜேசிபியை எடுத்துக்கிட்டுக் கிளம்பினாங்க. பிறகு கோர்ட்டே இடைக்காலத் தடை போட்டுச்சு. அதுக்குள்ள எங்க கண்மாய்க் கரையில நின்ன நல்ல நாட்டுக்கருவேலத்தையும் சேத்துச் சாய்ச்சுட்டாங்ய. எது எதுன்னு தெரியாதவன் கையில மிஷினைக் குடுத்தா அப்படித்தான்.

வேம்பு 1965:
நான் இயந்திரம் என்று சொல்லவே இல்லையே. தாங்கள் என் பதிவை முழுமையாகப் படித்தீர்களா?

அடையாறு_அஞ்சுமணி:
கொம்பன் சாருக்கு என் மேல பழைய கடுப்பு. போன வருஷம் மியாவாக்கி (கன்னை நெருக்கி நட்டுக் காடு வளர்க்கற ஜப்பான் முறை) இழையில ஆரம்பிச்சது. எங்க தெரு ஆளுங்க சேந்து நட்டதை "இது காடில்ல, மரத்தை அடைச்சு வெச்ச மாநகர பஸ்"னு எழுதினார். அந்தக் கன்னு இப்ப ரெண்டு ஆள் உயரம்.

கொம்பன்_ஆந்தை:
சதுர மீட்டருக்கு மூணு நாலு கன்னுன்னு நெருக்கி நட்டா வெளிச்சத்துக்காக மேலதான் போகும். உயரமா வளர்ந்துட்டா காடுன்னா எங்க அப்பார்ட்மெண்ட்டும் காடுதான். மியாவாக்கி பெரிய மனுஷர், அதுல சந்தேகமில்ல. அந்தந்த மண்ணுக்குரிய மரத்தைத்தான் வைக்கணும்னு சொன்னவர். நீங்க என்ன வெச்சீங்க? தூங்குமூஞ்சி. தென் அமெரிக்கா மரம். நான் பேசாம இருந்தேன்.

அடையாறு_அஞ்சுமணி:
பேசாமலா இருந்தீங்க? பதினேழு பதிவு போட்டீங்க!

ஹைதராபாத்_தமிழன்:
எல்லாருக்கும் வணக்கம். பஞ்சாரா ஹில்ஸ் பக்கம்தான் இருக்கேன். கேபிஆர்ல ரெண்டும் உண்டு. வேலிக்கு வெளியே ரோட்டோரமா சுத்தி ஒரு நடைபாதை, அதுக்குக் காசு கிடையாது. டிக்கெட்டோ பாஸோ எடுத்தா உள்ளேயும் நடக்கலாம், ஆனா குறிப்பிட்ட பாதையில மட்டும். உள்காட்டுக்குள்ள விட மாட்டாங்க. சண்டையை நிறுத்துங்க.

அடையாறு_அஞ்சுமணி:
பாத்தீங்களா! உள்ளே!! 🙏

கொம்பன்_ஆந்தை:
"வேலிக்கு வெளியே ஒரு நடைபாதை" என்று அவரே எழுதியிருக்கிறார். நான் சொன்னதும் அதேதான். "உள்காட்டுக்குள்ள விட மாட்டாங்க", இதையும் எழுதியிருக்கிறார், கண்ணுல படலயா? தம்பி, உங்க கேபிஆரைச் சுத்தி மேம்பாலம் கட்ட மரத்தை வெட்டப் போறாங்கன்னு ஊரே தெருவுக்கு வந்துச்சே, அதையும் சொல்லுங்க.

ஹைதராபாத்_தமிழன்:
அது ரோடு விவகாரம் சார், நடக்கறவங்களால வந்தது இல்ல. உண்மையில, மரத்துக்காகக் கொடி பிடிச்சு நின்னதுல பாதிப் பேர் தினம் அங்க நடக்கறவங்கதான்.

மடிப்பாக்கம்_மல்லி:
இதைத்தான் சொல்ல வந்தேன். பெங்களூர் துரஹள்ளியிலயும் அப்படித்தான். அந்தக் காட்டை 2021-ல மரப்பூங்கா ஆக்கப் போனப்ப அங்க நடக்கறவங்க, சைக்கிள் ஓட்டறவங்கதான் மறிச்சு நின்னாங்க. அரசு பின்வாங்கிடுச்சு. ஜனங்க உள்ள போய்ப் பழகின காட்டுக்குத்தான் குரல் குடுக்க ஆள் இருக்கு. நன்மங்கலத்துக்கு யார் இருக்கா?

கொம்பன்_ஆந்தை:
துரஹள்ளி தேசியப் பூங்கா இல்லையேம்மா.

மடிப்பாக்கம்_மல்லி:
நன்மங்கலமும் இல்லதான் சார். அதனாலதான் அதைப் பத்திப் பேசலாம்னு மூணு நாளா கேக்கறேன்.

சோழிங்கநல்லூர்_சோமு:
பெங்களூர்க்காரன் சைக்கிள் ஓட்டினா விழிப்புணர்வு, நாம நடந்தா மான்கறி. 👏

மதுரைப்பய:
அது சரி, இந்த மெட்ராஸ்காரங்களுக்கு அழகர்மலை மாதிரி ஒண்ணு இருந்தா இப்படி ஒரு மதில் சுவருக்குச் சண்டை போடுவாங்களா?

சோழிங்கநல்லூர்_சோமு:
அழகர்மலைக் குரங்கு பிரசாதத்தைப் பிடுங்கித் தின்னுது. அதான் உங்க காட்டு மேலாண்மையா?

மதுரைப்பய:
குரங்கைப் பத்திப் பேசாதீங்க, சொல்லிட்டேன்.

நெறியாளர்:
குரங்கு, பிரியாணி, ஜேஇஇ மூன்றையும் தவிர்க்கவும். தலைப்பு: கிண்டியில் காலை நடைக்கு அனுமதி.

கொம்பன்_ஆந்தை:
நெறியாளர் ஐயா, தலைப்பே தப்பு. "மான் செத்துப்போகும்"னு நான் எங்கயும் எழுதல. மான்கறின்னுதான் எழுதினேன். திருத்தச் சொல்லுங்க. இன்னொண்ணு: 90-கள்லருந்து கிண்டிப் பக்கம் பறவை பாக்கப் போறவன் நான், முறையா வனத்துறைகிட்ட அனுமதி வாங்கிக்கிட்டு.

அடையாறு_அஞ்சுமணி:
ஓஹோ! அப்ப நீங்க உள்ள போவீங்க, நாங்க வெளியவா?

கொம்பன்_ஆந்தை:
பைனாகுலரோட போறதும் பனியனோட போறதும் ஒண்ணா?

அடையாறு_அஞ்சுமணி:
மானுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? சித்தி பையன் கொண்டாப்பூர்ல இருக்கான். ஞாயித்துக்கிழமை கேபிஆர் போகச் சொல்லியிருக்கேன். டிக்கெட்டைப் போட்டோ எடுத்து இங்கயே போடறேன்.

கொம்பன்_ஆந்தை:
போடுங்க. வேலியும் தெரியற மாதிரி எடுக்கச் சொல்லுங்க.