புதுப்பிப்பு: எம்ஜிஏ இன்ஜினுக்கு பேரிங் கிடைச்சாச்சு

ஆரல்வாய்மொழி தாண்டும்போது ஆயில் பிரஷர் விழுந்து, அடியில 'டக் டக்'னு தட்ட ஆரம்பிச்ச என் 1958 எம்ஜிஏ (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) பத்தி முன்னாடி எழுதியிருந்தேன். பேரிங் எங்க கிடைக்கும்னும் கேட்டிருந்தேன்.

கழட்டினதுல மூணாம் ராடு பேரிங் ஷெல் (பிஸ்டன் ராடு கிராங்க் தண்டைப் பிடிக்கிற இடத்துல இருக்கிற அரைவட்டத் தகடு) இடம் விட்டு சுத்தியிருக்கு. மேல்பூச்சு போயி செம்பு தெரியுது. கிராங்கிலயும் நகம் மாட்டுற ஆழத்துக்குக் கோடு. நாகர்கோவில் லேத்துல கிராங்கை 20 தவ் கிரைண்டிங் பண்ணினோம் (இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு தவ்).

வெளிநாட்டுல ஆர்டர் போட்ட கடை 20-க்குப் பதிலா 10 அண்டர்சைஸ் (10 தவ் தேய்ச்ச கிராங்குக்கான ஷெல்) அனுப்பி வச்சான். ஒரு மாசம் போச்சு.

அப்போ மெக்கானிக் ஆசான் சொன்னார்: "மக்கா, இது நம்ம அம்பாசடர் இன்ஜின்தானே?" உண்மைதான்! பழைய அம்பாசடர்லயும் அதே 1489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் இன்ஜின், கிராங்கைத் தாங்குற மூணு மெயின் பேரிங். எனக்கு இது முதல்லயே தோணாதது வெட்கக்கேடு.

மார்த்தாண்டத்துல ஒரு பழைய ஸ்பேர் கடை. மேல் தட்டுல தூசி படிஞ்ச அட்டைப்பெட்டி, உள்ளே எண்ணெய்த்தாள் சுத்தின ஷெல், முதுகுல '020' (20 தவ்) முத்திரை. பேரை நம்பாம மைக்ரோமீட்டர், பழைய ஷெல் ரெண்டையும் கொண்டுபோயிருந்தேன். அகலம், கனம், ஓரத்துல நீட்டியிருக்கிற காது உட்காரும் இடம் எல்லாம் ஒத்துச்சு. பிளாஸ்டிகேஜ் (நசுங்குற அகலத்தை வச்சு இடைவெளி அளக்குற மெல்லிய பிளாஸ்டிக் இழை) வச்சு முறுக்கிப் பார்த்ததுல இடைவெளி 2 தவ். போதும்.

நடு மெயினுக்கு திரஸ்ட் வாஷரும் (கிராங்க் முன்னும் பின்னும் நகராம தடுக்குறது) அங்கேயே வாங்கிட்டேன். கிராங்கோட ஆயில் துளையை ஊதினப்ப உள்ளேயிருந்து இன்னும் மினுமினுன்னு உலோகத்தூள் வருது. அது நிக்கிற வரைக்கும் பூட்டப் போறதில்ல. ஆயில் பம்பையும் பிரிக்கணும்.