கட்டிக்குள் நோயெதிர்ப்புச் செல்கள்: நல்ல அறிகுறியா?

கேள்வி: அம்மாவின் பெருங்குடல் புற்றுநோய்த் திசு அறிக்கையில், கட்டியின் விளிம்பில் நிணநீர்ச் செல்கள் அடர்ந்திருப்பதாக எழுதியுள்ளார்கள். அஞ்ச வேண்டுமா, ஆறுதல் கொள்ளலாமா?

மறுமொழி 1: பெரும்பாலும் ஆறுதலான செய்திதான். நுண்ணோக்கியில் கருநீலப் புள்ளிகளாகத் தெரியும் அச்செல்கள், உடல் கட்டியை எதிரியென்று அறிந்துகொண்டதற்கான தடயம். பாரிசில் ஜெரோம் காலோன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பெருங்குடல் கட்டியின் நடுவிலும் விளிம்பிலும் டி செல்கள் (நிணநீர்ச் செல்களில் ஒரு வகை) செறிந்திருந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாகவே இருந்தது. அதன் தொடர்ச்சியாகப் பிறந்ததே, கட்டியிலுள்ள டி செல்களின் செறிவை மதிப்பெண்ணாக்கும் இம்யூனோஸ்கோர் பரிசோதனை.

மறுமொழி 2: ஆனால் எல்லாச் செல்களும் நமக்குத் துணை நிற்பவை அல்ல. டி செல்களில் ஒரு வகையான சிடி8 செல்கள் புற்றுச்செல்களைக் கொல்கின்றன; மார்பகப் புற்றிலோ, மேக்ரோபேஜ்கள் (கிருமிகளையும் சிதைந்த செல்களையும் விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) மிகுந்தால் புதிய இரத்தக் குழாய்கள் வளர அவை உதவுவதால், விளைவு பெரும்பாலும் மோசமாகிறது. எம்எஸ்ஐ பரிசோதனை (கட்டிச் செல்களில் டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் அமைப்பு பழுதாகியுள்ளதா என்று பார்ப்பது) செய்தார்களா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி. நாளையே கேட்கிறேன்.