மறுமொழி: பாட்டினா – ‘விளைநிறம்’ எனலாமா?

வணக்கம் அண்ணாச்சி,

பாட்டினா (patina), அதாவது செம்பு, மரம் போன்றவற்றின் மேற்பரப்பில் காலத்தாலோ வேதிவினையாலோ வரும் நிறம். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் நீங்கள் கேட்டது:

> களிம்பு என்ற சொல் இருக்கும்போது பாட்டினாவுக்குப் புதுச்சொல் எதற்கு?

இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதிது தேடக் கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் களிம்பு என்றாலே நம் ஆட்களுக்குத் தேய்த்துப் போக்க வேண்டியது என்றுதான் பொருள். அம்மா புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு செப்புக்குடத்தோடு உட்காருவது அதற்குத்தான். ஈயம் தேய்ந்த பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்தால் களிம்பேறும், வயிற்றுக்கு ஆகாது. சைவ சித்தாந்தத்தில் உயிரை மறைக்கும் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமைகூட செம்பில் களிம்புதான். அந்தச் சொல்லில் இருக்கும் எச்சரிக்கை அப்படியே இருக்கட்டும். நாம் பெயர் தேடுவது வேண்டுமென்றே வரவழைத்துக் காப்பாற்றி வைக்கிற ஒன்றுக்கு.

‘ஆக்சைடு படலம்’ என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். அது வேதியியலிலேயே இடிக்கும். செம்பின் பச்சை பெரும்பாலும் கார்பனேட், சல்பேட். நம் குளச்சல் மாதிரிக் கடலோரமென்றால் குளோரைடும் சேரும்.

தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டுச் சாய்ப்பில் ஒரு மாதமாக இதே வேலைதான். ஒரு செப்புத் தகட்டை நன்றாகத் தேய்த்து, உப்புத்தண்ணீர் தெளித்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தொங்கவிட்டேன். கீழே ஒரு சிரட்டையில் அமோனியா கரைசல். (வெளிக்காற்றில் செய்யுங்கள், பிளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே இருக்கக் கூடாது.) மறுநாள் காலையில் திறந்தால், உப்புத்துளி நின்ற இடமெல்லாம் மயில்கழுத்து நீலம். துளியின் நடுவில் வெளிறியும் விளிம்பில் அடர்ந்தும் இருந்தது. இன்னொரு துண்டை அவித்த முட்டையை உடைத்துப் போட்டு மூடிவைத்தேன். முட்டையின் கந்தகம் பட்டு முதலில் தவிட்டு நிறம், அப்புறம் ஏறக்குறைய கறுப்பு. இரண்டிலும் நான் நிறம் எதுவும் பூசவில்லை. செம்பேதான் நிறமாக மாறியது.

மரத்திலும் இதைப் பார்த்தேன். இரும்பாணிகளை வினாகிரியில் ஒரு வாரம் ஊறப்போட்டு (மூடியை இறுக்க வேண்டாம், வாயு வரும்), அந்தத் தண்ணீரை அயினி மரப் பலகையில் தடவினேன். சும்மா தடவிய பாதி சாம்பல் நிறமானது. முதலில் கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) தடவிக் காயவிட்ட பாதி, கண்முன்னே கறுத்தது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. துவர்ப்புள்ள கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் போட்டு நம் முன்னோர் மை காய்ச்சியதும் இப்படித்தான்.

ஆகவே வார்னிஷ், பெயின்ட் எல்லாம் ‘பூச்சு’. பொருளே வினைப்பட்டு உள்ளிருந்து வருவதற்கு ‘விளைநிறம்’ என்பது என் பரிந்துரை. விளைதல் என்றால் முதிர்தல், விளைவித்தல் என்றால் நாம் முயன்று வரவழைத்தல். தானாக வருவதற்கும் கையால் வரவழைப்பதற்கும் ஒரே வேர் போதும். நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்குக் களியக்காவிளையில் இருக்கும் விளை நினைவுக்கு வரலாம். வரட்டும், அதுவும் பயிர் விளைகிற நிலம்தானே.

எனக்கு ரொம்பப் பிடித்த காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. ஊறுகாய் போல இதுவும் மூன்று காலத்தையும் உள்ளடக்கும் வினைத்தொகை: விளைந்த நிறம், விளைகிற நிறம், விளையும் நிறம். நிறம் இப்படிக் காலத்தோடு விளைவதற்கு ஓர் உதாரணம்: நியூயார்க் சுதந்திரதேவி சிலை 1886இல் திறக்கப்பட்டபோது செம்பு நிறத்தில்தான் இருந்தது. மெல்லத் தவிட்டு நிறமாகி, 1920 வாக்கில் பச்சையானது. சிலையின் செப்புத் தகடு 2.4 மில்லிமீட்டர் கனம்தான், அந்தப் பச்சைதான் அதைக் காக்கிறது. இரும்பில் வரும் துரு அப்படிக் காக்காது, உதிர்ந்து உதிர்ந்து உள்ளே தின்னும். அதனால் துருவை இந்தச் சொல்லுக்குள் கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து. அடுப்பில் சூடேற்றும்போது எஃகில் முதலில் வைக்கோல் மஞ்சளும் சுமார் 300 செல்சியஸ் பாகையில் நீலமும் வருமே, அதைத் தாராளமாகச் சேர்க்கலாம்.

> ‘விளைவு’ என்பதோடு குழம்பாதா?

தனியாக நின்றால் குழம்பலாம். “இந்தக் கைப்பிடிக்குப் பச்சை விளைநிறம் ஏற்று” என்று பட்டறையில் சொன்னால் குழம்பாது. பக்கத்து ஆசாரியிடம் சொல்லிப் பார்த்தேன். விளக்கம் கேட்கவில்லை, “எத்தனை நாளாகும்?” என்றுதான் கேட்டார்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. நிறம் வந்தபிறகு தேன்மெழுகு தடவுகிறோம். ‘நிலைப்படுத்தல்’ என்று எழுதலாமென்றால், மெழுகுக்கடியிலும் நிறம் மெதுவாக மாறிக்கொண்டுதான் இருக்கும். கைபடும் இடம் மறுபடி பளபளக்கும். நிறுத்தாமல் வேகத்தை மட்டும் குறைப்பதற்கு ஒரு வினைச்சொல் வேண்டும். ‘ஆற்றுதல்’ பொருந்துமா? சொல்லுங்கள் அண்ணாச்சி.