ஆடாதோடை, சூரணம், இன்ஹேலர்: எங்கள் வீட்டு அனுபவம்

போன மழைக்காலத்தில் மாமாவுக்கு வைரல் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டும் இருமல் விடவில்லை. தலை சாய்த்தால் போதும், ஆரம்பித்துவிடும். இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்தே ஆக வேண்டும் என்று எங்கள் டாக்டர் சொன்னார். எடுத்தோம். காசநோய் இல்லை. அதற்கப்புறம்தான் ஆயுர்வேத வைத்தியரிடம் போனோம்.

அத்தை கையோடு, இருமலுக்குக் கொடுக்கும் ஆயுர்வேதப் பொடியான சிதோபலாதி சூரண டப்பா ஒன்றும் கொண்டுவந்திருந்தார். மாமாவுக்குச் சர்க்கரை உண்டு என்றதும் வைத்தியரம்மா அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதன் கணக்கு இதுதான்: கற்கண்டு 16 பங்கு, மூங்கிலுப்பு 8, திப்பிலி 4, ஏலம் 2, இலவங்கப்பட்டை 1. பாதிக்கு மேல் கற்கண்டு! அதைத் தேனில் வேறு குழைத்துச் சாப்பிட்டால் கேட்கவே வேண்டாம். இருமலுக்கே கொடுக்கும் இன்னொரு பொடியான தாளிசாதி சூரணத்திலும் சர்க்கரை நிறைய. அரிஷ்டம் என்றால் வெல்லம் போட்டு நொதிக்க வைப்பது, கொஞ்சம் ஆல்கஹாலும் இருக்கும். மூலிகைதானே என்று வாங்கிக் கொடுக்கிறவர்கள் தயவுசெய்து டப்பாவின் பின்பக்கம் சேர்மானத்தைப் படியுங்கள்.

மாமாவுக்குக் கொடுத்தது ஆடாதோடைக் கஷாயம். வைத்தியர் சொன்ன அளவு இலையை எடுத்து, நடுநரம்பை நீக்கி நறுக்கி, மிளகு தட்டிப்போட்டு, நான்கு டம்ளர் தண்ணீர் ஒன்றாகச் சுண்டும்வரை சிறுதீயில் வைப்பேன். கசப்பு சாதாரணக் கசப்பில்லை, தொண்டையிலேயே தங்கிவிடும். மாமா கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடிப்பார். சில நாளில் நெஞ்சில் கட்டியிருந்த சளி இளகி வெளியே வந்தது, ராத்திரி தூங்கினார். இருமல் தானாக அடங்கும் நேரமும் கூடி வந்திருக்கலாம். ஆனால் இலையின் குணத்தை நான் நம்புகிறேன். இருமல் டானிக்குகளில் வரும் ப்ரோம்ஹெக்சினே ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளிலிருந்து பிறந்ததுதானே.

தூதுவளை ரசமும் அவ்வப்போது வைத்தோம். இலையின் அடியில் நரம்போடு வளைந்த முள் இருக்கும், கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தால்தான் நிம்மதி.

நாத்தனார் மகன் கதை வேறு. அவனுக்கு ஆஸ்துமா. ஒரு ராத்திரி இளைப்பு வந்து, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே போனது, ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை. "கற்பூரவல்லிச் சாறு பிழிந்து கொடு" என்று யாரோ சொன்னார்கள். நாத்தனார் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மூச்சுத்திணறலை உடனே தணிக்கும் நீலநிற இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்த பிறகுதான் பிள்ளைக்கு மூச்சு சீரானது. அந்த நேரத்தில் எந்த இலையையும் தேடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். டாக்டர் எழுதிய இன்ஹேலரை மூலிகைக்காக நிறுத்தவும் வேண்டாம். சாதாரணச் சளிக்கு அவன் இப்போதும் கற்பூரவல்லி சாப்பிடுகிறான், அது டாக்டருக்கும் தெரியும்.

கர்ப்பிணிகள் ஆடாதோடை பக்கமே போகக்கூடாது என்று வைத்தியரம்மா கண்டிப்பாகச் சொன்னார், கருப்பையைச் சுருங்க வைக்குமாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தைத் தொடர்ந்து எடுத்தால் அழுத்தம் ஏறும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் தொட்டுக்கூட வைக்காதீர்கள்.

பச்சை இலை கிடைக்கவில்லை என்பவர்கள் தெரிந்தவர் வீட்டில் ஆடாதோடைக் கிளை ஒன்றை வாங்கி நடுங்கள். போத்து நட்டாலே பிடித்துக்கொள்ளும், வேலியோரம் போதும்.